குங்குமப் பொட்டு வைத்த அடாப்டர்

மாப்பிள்ளை நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக எனக்குச் சொல்ல மனம் வராது. சிகரெட் கிடையாது, குடி கிடையாது, பேச்சில் ஒரு அதட்டல் கிடையாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. என் அக்கா மகளைக் கட்டியவர். அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். அவளுக்குக் காது குத்தியது என் மடியில். வீறிட்டு அழுது என் புதுச் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையும் மாலையும் தாம்பூலத் தட்டுமாக மேளத்தோடு நடந்து போனவன் நான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வராமல் பந்தலில் ஒன்றும் நடக்காது. அதே பந்தலில் தாலி ஏறிய மறுநிமிடம் எல்லார் கண்ணும் மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிட்டது. அதுவும் முறைதான். முறை என்று தெரிந்தாலும் வயிறு எரியத்தான் செய்கிறது.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னக் கடை. முன்பு டி.வி., டேப் ரிக்கார்டர் பழுது பார்த்தேன். இப்போது யாரும் பழுது பார்ப்பதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அதனால் ரிமோட், சார்ஜர், அடாப்டர் என்று வியாபாரத்தை மாற்றிக்கொண்டேன். கடையின் முகப்பில் அடாப்டர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். களமருதூரிலிருந்தும் மணலூர்பேட்டையிலிருந்தும் கூட ஆள் வரும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"அண்ணே, வூட்ல ஒண்ணு கெடக்குது. பின்னு கரெக்டா உக்காருது. அதையே போட்டுக்கலாம்ல?"

பின் உட்கார்ந்தால் சம்பந்தம் முடிந்தது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பெண் பார்க்கப் போனால் மட்டும் குலம், கோத்திரம், வேலை, வீடு, மாமியார் குணம் வரைக்கும் விசாரிக்கிறவர்கள், அடாப்டர் என்று வந்தால் ஒன்றும் விசாரிக்க மாட்டார்கள். நான் அவர்களை நிற்க வைத்துச் சொல்வேன். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அதில் இன்புட் வரியை விட்டுவிடு, அது சுவரிலிருந்து வாங்குகிற கரண்ட், எல்லாவற்றிலும் ஒன்றுதான். அவுட்புட் என்கிற வரியைப் பார். வோல்ட் எத்தனை என்று நீ செருகப்போகிற பெட்டியின் முதுகில் எழுதியிருக்கிறதோ அதே எண் இங்கேயும் இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆம்பியர் என்பது சட்டியில் இருக்கிற சோறு. நிறைய இருந்தால் பாதகமில்லை, சாப்பிடுகிறவன் வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்வான். குறைவாக இருந்தால்தான் வம்பு, அடாப்டர் சூடேறி இளகிவிடும். அப்புறம் ஒரு கோடும் அதன் கீழே மூன்று சின்னக் கோடும் போட்டிருந்தால் டி.சி. பாம்பு நெளிகிற மாதிரி ஒரு வளைவு இருந்தால் ஏ.சி. டி.சி. கேட்கிற பெட்டிக்கு ஏ.சி. கொடுத்தால் அது அன்றைக்கே போய்ச் சேரும். கடைசியாக, ஒரு வட்டத்தின் நடுவில் புள்ளி வைத்துக் கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும். பின்னின் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பதற்கு. அதுவும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரிண்ணே, பின்னு உக்காந்தா போட்டுக்கிறேன்" என்று போவார்கள்.

என் அக்கா கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் இருக்கிறாள். அங்கே மளிகைக் கடை. அவள் வீட்டுக்காரர் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கடையில் அக்கா தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். எலக்ட்ரானிக் தராசு, வைஃபை பெட்டி, வாசலைப் பார்க்கிற கேமரா, காலையில் முருகன் பாட்டுப் போடுகிற சின்ன ஸ்பீக்கர் என்று கல்லாவைச் சுற்றிச் சாமான்கள். எல்லாவற்றுக்கும் கறுப்பு அடாப்டர், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுப் பின். மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். இடி இடித்தால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டும். திரும்பச் செருகும்போது எது எதற்கு என்று குழப்பம் வரும்.

அதற்கு நான் ஒரு வழி செய்திருந்தேன். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்கா மகளிடம் நகப்பூச்சு பாட்டில்களை வாங்கி, பன்னிரண்டு வோல்ட்டுக்குச் சிவப்பு, ஒன்பதுக்கு மஞ்சள், ஐந்துக்குப் பச்சை என்று அடாப்டரிலும் ஒரு பொட்டு, அது போய்ச் சேர வேண்டிய பெட்டியிலும் ஒரு பொட்டு வைத்தேன். வைத்தேன் என்றால் அவளும் நானும் தரையில் உட்கார்ந்து வைத்தோம். பச்சைப் பொட்டெல்லாம் அவள் வைத்தது. பொட்டு இல்லாத அடாப்டர் எதையும் எதிலும் செருகக் கூடாது என்று அக்காவுக்குச் சட்டம் போட்டேன். மேசையில் வைக்கிற அலங்கார நீரூற்று ஒன்று அவளிடம் இருந்தது, மோட்டார் போய்விட்டது. அதன் அடாப்டர் மட்டும் மிச்சம். அதுவும் பன்னிரண்டு வோல்ட்தான், ஆனால் வெளியே வருவது ஏ.சி. அதற்குப் பொட்டு வைக்காமல் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டினேன்.

இவ்வளவு செய்தும் அக்காவிடமிருந்து போன் வந்துகொண்டுதான் இருந்தது.

"டேய் தம்பி, தராசு உசுரு போச்சுடா. கடையில ஆளு நிக்குது. இன்னாடா பண்றது?"

நான் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறுவேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாய் ஏறி, காதடைத்துப் போய் இறங்குவேன். போய்ப் பார்த்தால் பின் கழன்று கிடக்கும். இல்லாவிட்டால் சுவரில் சுவிட்சைப் போட மறந்திருப்பாள். "இதுக்கா நான் கடையைச் சாத்திட்டு வந்தேன்?" என்று கத்துவேன். அக்கா சிரித்துக்கொண்டே கோழிக்குழம்பு ஊற்றுவாள். சாப்பிட்டு, அவளோடு கல்லாவில் உட்கார்ந்து ஊர்ப் பேச்செல்லாம் பேசிவிட்டு, கடைசி பஸ்ஸில் இறங்குவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. எனக்கு உள்ளூரப் பெருமை. பஸ்ஸில் கண்டக்டரே, "இன்னாங்க, அக்கா கடையில எதுனா பொகஞ்சிடுச்சா?" என்று கேட்பார். ஆமாம், நான் போனால்தான் சரியாகும் என்பது போலத் தலையாட்டுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த போன் குறைந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி, வாரத்துக்கு வந்தது மாதத்துக்கு ஆயிற்று, அப்புறம் நானாக போன் பண்ணினால் உண்டு என்று ஆயிற்று.

"தராசு எப்படிக்கா இருக்கு?"

"நல்லா கீதுடா. போன வாரம் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. மாப்ள போன்லயே பாத்துச் சொல்லிட்டாரு. வீடியோல காட்டினேன். எள்ளுன்னா எண்ணெயா நிக்கிறாருடா அவுரு."

எண்ணெயாய் நிற்கிறாராம். நான் பஸ்ஸில் ஏறி இரண்டு மணி நேரம் குலுங்கிப் போய் நின்றதெல்லாம் என்ன கணக்கு? சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மனிதர் போனைப் பார்த்து நாலு வார்த்தை சொல்கிறார், அது எண்ணெய். இரவெல்லாம் அந்த எண்ணெய் என் நெஞ்சுக்குள் காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி, "இன்னா, தூக்கம் வரலியா? மாப்ள நல்லவரா போயிட்டாரேன்னு கவலையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது. என் கடையிலும் பூஜை, அக்கா கடையிலும் பூஜை. பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, கூரியர்காரர் என் கடையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நான் எதுவும் வரவழைக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா, நல்லா இருக்கீங்களா? அத்தை கடையில வைஃபை பெட்டி போயிடுச்சு. புதுசு ஒண்ணு அனுப்பியிருக்கேன். மலைக்கு கூரியர் வராதுன்னுட்டான், அதான் உங்க கடை அட்ரஸ் குடுத்துட்டேன். நீங்க மேல போறப்ப குடுத்துடுறீங்களா? சிரமம் இல்லையே?"

"ஐயோ, இதுல இன்னாங்க மாப்ள சிரமம்" என்றேன். என் வாயிலிருந்து தேன் சொட்டியது. வயிற்றுக்குள் கொள்ளிக்கட்டை.

அக்கா கடையில் ஒரு பெட்டி எரிந்து போயிருக்கிறது. நான் இங்கே மலையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சேதி இல்லை. சேதி சென்னைக்குப் போய், அங்கிருந்து பெட்டியாகத் திரும்பி என் கடைக்கே வந்திருக்கிறது. சுற்றி எங்கும் நூறு அடாப்டர் தொங்குகிற கடைக்கு! அதைச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்கிற ஆள் நான். சீர்த்தட்டு தூக்கிப் போனவன் இப்போது பார்சல் தூக்குகிறேன்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். பிரித்திருக்கக் கூடாது, ஆனாலும் பிரித்தேன். உள்ளே இருந்த அடாப்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து முதுகைப் படித்தேன். ஒரு தப்பு இருந்துவிட வேண்டும் என்று மாரியாத்தாவை வேண்டிக்கொண்டுதான் படித்தேன். பன்னிரண்டு வோல்ட், சரி. டி.சி., சரி. ஆம்பியர், பெட்டி கேட்பதைவிடக் கொஞ்சம் கூட, ரொம்பச் சரி. நடுப் புள்ளிக்குக் கூட்டல் குறி, அதுவும் சரி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. போதாக்குறைக்கு அடாப்டரில் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் பொட்டும் பெட்டியில் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் பொட்டும் இருந்தன. என் முறையையும் எடுத்துக்கொண்டுவிட்டார். நான் மறுபடி ஒட்டி மூடினேன்.

"மருமவன் கொடுத்தா மூட்டை, மாமன் கொடுத்தா மொட்டையா?" என்று என் மனைவி கேலி செய்தாள். அது பழமொழியா, அவளே கட்டியதா தெரியவில்லை. நான் மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

அக்கா கடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்பீக்கரில் முருகன் பாடிக்கொண்டிருந்தார். அக்கா கல்லாவில் உட்கார்ந்து வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கு மலரவில்லை.

"பெட்டி எப்படிக்கா போச்சு?"

"பூஜை அன்னிக்குடா. எல்லாத்தையும் புடுங்கி, ஈரத்துணி போட்டுத் தொடச்சி, சாமி முன்னால வெச்சேன். அந்தப் பையில ஒண்ணு கெடந்திச்சே, அது மட்டும் ஏன் தனியா கெடக்கணும்னு அதையும் எடுத்து வெச்சேன். மறுநாளு செருகினேன். ஒரு நாத்தம் வந்திச்சி பாரு, கடையே நாறிப்போச்சு."

நான் அடாப்டர்களைப் பார்த்தேன். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் முதுகிலும் பட்டையாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். பூஜை முறைப்படி முதுகில் ஒன்று, பின் இருக்கிற முனையில் ஒன்று. பெட்டிகளிலும் அப்படியே. மஞ்சள் பொட்டுக்கு மேலே சிவப்பு, பச்சைப் பொட்டுக்கு மேலே சிவப்பு, பொட்டே இல்லாமல் இருந்ததற்கும் சிவப்பு. அவுட்புட் வரி இருந்த இடத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பாம்பு நெளிவு எழுதியிருந்த அந்த நீரூற்று அடாப்டர், சுமங்கலி மாதிரிச் சிவப்புப் பொட்டோடு வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அக்கா என் சட்டப்படிதான் நடந்திருக்கிறாள். சிவப்புக்குச் சிவப்பு சேர்த்திருக்கிறாள்.

"அடாப்டருக்குப் போய் யாராவது பொட்டு வெப்பாங்களாக்கா?"

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்காம? நீ உன் கடையில வெக்கலியா?"

வைத்திருந்தேன். மீட்டருக்கும் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலுக்கும் கொத்தாகத் தொங்குகிற அடாப்டர் வரிசைக்கும் நானேதான் விரலால் வைத்தேன். அதனால் பேச்சை மாற்றினேன்.

"சரி, எனக்கு ஏன் போன் பண்ணல?"

அக்கா வெல்லத்தைத் தட்டினாள். "உனக்கும் அன்னைக்குக் கடையில பூஜை. வேலையா இருப்பேன்னுதான்."

"பூஜை அன்னிக்கு சரி. மறுநாள்தானே புகைஞ்சது?"

யாரோ சோப்பு கேட்டு வந்தார்கள், எடுத்துக் கொடுத்தாள். நான் முறைத்துக்கொண்டே மாப்பிள்ளையின் பெட்டியைப் பிரித்து மாட்ட ஆரம்பித்தேன். முதலில் எல்லா அடாப்டரிலும் பெட்டியிலும் சந்தனத்தைச் சுரண்டினேன். நீரூற்று அடாப்டரின் ஒயரைக் கத்தரித்தேன். அது இனி யாருக்கும் பொட்டோடு வரக் கூடாது. நான் அப்படிக் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது முருகன் பாதியில் நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா ஸ்பீக்கரின் பின்னைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வெல்ல மூட்டையின் மேல் போட்டாள். எனக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று எடுக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. "இணைஞ்சிடுச்சிக்கா" என்றேன். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். முன்தலை மயிரை ஒதுக்கிக்கொண்டாள். போனை எடுத்து வீடியோ கால் போட்டாள். மாப்பிள்ளைக்கு.

"மாப்ள, பெட்டி வந்துடுச்சிங்க. தம்பிதான் எடுத்தாந்து மாட்டினான். நல்லா எரியுதுங்க. ஆனா பாருங்க மாப்ள, இந்த ஸ்பீக்கரு காலைலேர்ந்து பாட மாட்டேங்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்தா? நான் வாயைத் திறந்தேன். அக்கா போனுக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில், சின்ன வயதில் அப்பாவிடம் எதையாவது மறைக்கும்போது பார்க்கிற பார்வை இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அடாப்டர் விஷயத்தில் வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என் கடைக்கு வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"அடாப்டர் முதுகுல அவுட்புட்னு எழுதியிருக்கும் பாருங்க அத்தை. படிக்க முடியுதா?" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவு பொறுமை. குரலில்கூட ஒரு சலிப்பு இல்லை.

அக்கா அடாப்டரை எடுத்தாள். "அவுட்புட்டு, அஞ்சு வோல்ட்டு, கோடு கோடா போட்டு டி.சி., ரெண்டு ஆம்பியரு. நடுவுல கூட்டலுங்க" என்று மளிகைச் சாமான் சொல்வது போலக் கடகடவென்று சொன்னாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவளுக்கா எது எதற்கு என்று தெரியாது?

"ஆனா பொட்டு இன்னா கலர்னு தெரியலிங்க. குங்குமம் பட்டு மங்கிப்போச்சு. பாப்பாவைக் கேட்டா தெரியும், அதானே வெச்சுது."

குங்குமத்தை நான் சுரண்டியிருந்ததால் பச்சைப் பொட்டு பளிச்சென்று இருந்தது.

மாப்பிள்ளை பின்னால் திரும்பி அவளைக் கூப்பிட்டார். போனின் மூலையில் ஒரு தலை வந்தது. ஈரத் தலைமயிரைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என் அக்கா மகள்.

"அம்மா, அது பச்சைம்மா. என் நெயில் பாலிஷ்தானே. மாமாவும் நானும் வெச்சோமே."

"பச்சையா? சரி, சரி. இன்னாடி, கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது? ராத்திரி ஷிப்டா? சாப்டியா?"

"சாப்ட்டேன்மா."

"இன்னா சாப்ட்ட?"

அதற்குப் பிறகு ஸ்பீக்கரைப் பற்றி யாரும் பேசவில்லை. என்ன குழம்பு, எண்ணெய் தேய்த்துக் குளித்தாளா, மாமியாருக்கு மூட்டுவலி எப்படி, பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று போனது. அவள் நடுவில், "மாமா அங்கயா இருக்காங்க? காட்டும்மா" என்றாள். அக்கா போனை என் பக்கம் திருப்பினாள். "இன்னா மாமா, இளைச்சிட்டீங்க" என்றாள் அந்தப் பெண். நான் ஒன்றும் இல்லை என்று கையாட்டினேன்.

"இப்ப பாடுதா அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

அக்கா பின்னைச் செருகினாள். முருகன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"பாடுதுங்க மாப்ள! நீங்க சொன்னதும் பாடிடுச்சி பாருங்க!"

என் காதில் காய்ச்சிய எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது. பிடுங்கியதும் இவள், செருகியதும் இவள், பெட்டியை மாட்டியது நான், பேர் மட்டும் அவருக்கு.

போனை வைத்ததும் கேட்டேன். "நீதானேக்கா புடுங்கின?"

அக்கா எழுந்து போய்ச் சாமை அரிசி மூட்டையைப் பிரித்தாள். என் மனைவிக்குக் கொடுத்தனுப்ப ஒரு பையில் அள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"சும்மா போன் பண்ணா, பாப்பா இன்னாம்மா விஷயம்னு கேக்குது. ஒண்ணும் இல்லம்மான்னா, அப்ப சாயங்காலம் பேசறேன்னு வெச்சிடுது. வேலை இருக்குது, இன்னா பண்ணும் அது. ஆனா ரிப்பேருன்னா அவுரு ஒடனே எடுக்கிறாரு. அவுரு எடுத்தா அதுவும் பின்னாலயே வந்து நிக்குது. விஷயம்னு ஒண்ணு வேணும்லடா."

"எனக்குப் பண்ணா நான் ஒடனே வரமாட்டேனா?"

"நீ வருவே. அது வருமா?"

இத்தனை மாதமாக ஒரு மனிதர்மேல் மூட்டி வைத்திருந்த பொறாமை இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அந்தப் பெண் பக்கம் திரும்பியது. ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு தலை மூலையில் வந்து நிற்பதற்காக என் அக்கா புடவைத் தலைப்பால் முகம் துடைக்கிறாள். நான் மலையேறி வந்தபோது துடைக்கவில்லை.

"நீ மட்டும் இன்னா?" என்றாள் அக்கா. இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "எதுனா கெட்டாத்தானே மலையேறுற? சும்மா ஒரு நாளு அக்காவைப் பாக்கலாம்னு வந்திருக்கியா?"

கழன்று கிடந்த பின்கள் எனக்கு ஞாபகம் வந்தன. போட மறந்த சுவிட்சுகள். ஒரு தடவை தராசின் அடாப்டரே அரிசி மூட்டைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எலி இழுத்திருக்கும் என்று நான் எலிப்பொறி வேறு வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவும் அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

கடைசி பஸ் ஹாரன் அடித்தது. அக்கா சாமைப் பையைத் தராசில் வைத்தாள். சிவப்பு எண்கள் ஓடி வந்து ஒரு இடத்தில் அசையாமல் நின்றன. பையை முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"டேய் தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம இந்தத் தராசைக் கொஞ்சம் பாக்கணும்டா. மக்கர் பண்ற மாதிரி கீது."

நான் தராசைப் பார்த்தேன். பையை எடுத்த பிறகு அது எண்களைக் கீழே இறக்கிப் பூஜ்யத்தில் வந்து ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. அதன் அடாப்டர் சரியாகச் செருகியிருந்தது. மஞ்சள் பொட்டுக்கு மஞ்சள் பொட்டு.

"ஆமாக்கா, எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. வந்து பாக்குறேன்" என்றேன்.

"அதை மாப்ளகிட்ட சொல்லல" என்றாள்.

பஸ் வளைவுகளில் இறங்கும்போது யோசித்துப் பார்த்தேன். அவருக்கு ஸ்பீக்கர், எனக்குத் தராசு. எப்படிப் பார்த்தாலும் தராசுதான் பெரிய சாமான்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி சாமைப் பையை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"இன்னா, பெட்டி மாட்டியாச்சா? இன்னும் எதுனா ரிப்பேரு இருக்கா?"

"தராசு" என்றேன். "பெரிய ரிப்பேரு. இன்னும் பல தடவை போக வேண்டியிருக்கும்."